டேபிள் ஃபேனுக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை

எங்கள் ஊரில் ஒரு பொருளைத் தூக்கிப் போடுவது அவ்வளவு சுலபமில்லை. முதலில் அதற்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை வாங்க வேண்டும். வார்த்தை இல்லாத பொருளைக் குப்பை வண்டிக்காரர் தொடமாட்டார். இரும்புக் கடைக்காரர் எடை போடமாட்டார். இரவோடு இரவாகத் தெருமுனையில் வைத்துவிட்டு வந்தால், காலையில் வாரியத்து ஆட்கள் அதை மரியாதையாகத் தூக்கிவந்து உங்கள் வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார்கள்.

முன்பெல்லாம் நாங்கள் எல்லாவற்றையும் ‘பழசு’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். கிழிந்த குடையும் பழசு, ஊர் நடுவில் நின்ற மணிக்கூண்டும் பழசு, பதவி போன மந்திரியும் பழசு. அதில் யாருக்கும் குழப்பம் வந்ததாகத் தெரியவில்லை. ஒருநாள் வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்தது. மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்து, “இது ஆன்ட்டிக்கா, இல்லை வெறும் அப்சலீட்டா?” என்று கேட்டது. கூட நடந்த அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் துணிச்சலான ஒருவர், “ரெண்டும்தான்” என்றார். குழு சிரித்துக்கொண்டே போய்விட்டது.

அந்த அவமானத்தில் பிறந்ததுதான் கடந்தகாலச் சொல் வாரியம். கடந்துபோன எதையும் இனிமேல் சரியான இங்கிலீஷ் வார்த்தையால்தான் குறிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. வாரியத்துக்குப் பெரிய இடம் தேவைப்பட்டது. அதனால் மணிக்கூண்டை இடித்துவிட்டு அங்கே ஐந்து மாடி கட்டினார்கள்.

அந்த ஐந்து மாடிக் கட்டடத்துக்கு ஒரு காலை நேரத்தில், போர்வையில் சுற்றிய டேபிள் ஃபேனை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பேக்கரிக்காரர் வந்தார். சொந்த வீட்டிலேயே திருடிவிட்டு வருகிறவர் மாதிரி இருந்தது அவர் முகம். உண்மையும் ஏறக்குறைய அதுதான்.

அவர் ராத்திரி முழுக்க ரொட்டி அடுப்பின் முன்னால் நிற்கிறவர். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கிற நர்ஸ். ஊர் எழுந்திருக்கும் நேரத்தில் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பார்கள். படுக்கும் முன் நர்ஸம்மா அந்த ஃபேனைப் போடுவார். அது கல்யாணமான புதிதில் அவர் தன் முதல் சம்பளத்தில் வாங்கியது. காற்று கொஞ்சமாகத்தான் வரும். சத்தம் மட்டும் குறையே இல்லாமல் வரும். கடகடவென்று ஆரம்பித்து, கழுத்தைத் திருப்பும்போது ஒரு முனகல் முனகி, மறுபடி கடகடக்கும்.

“இந்தச் சனியனைத் தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு வாங்குவோமே” என்று பேக்கரிக்காரர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

“நான் செத்த பிறகு தூக்கிப் போடுங்க” என்பார் நர்ஸம்மா. வேறு எதிலும் பிடிவாதம் பிடிக்காத மனுஷி. இந்த ஒரு ஃபேன் விஷயத்தில் மட்டும் கல்லாக நிற்பார்.

மேல்மாடியில் குடியிருப்பவர் வேறு அடிக்கடி படியில் மடக்குவார். “பகல்ல உங்க வீட்டுல என்னங்க சத்தம்? மாவு மில்லு ஏதாவது வச்சிருக்கீங்களா?”

“அந்த ஃபேன்தாங்க. என் வீட்டுக்காரி விடமாட்டேங்கறா” என்று பேக்கரிக்காரர் மனைவி மேல் பழியைப் போட்டு நழுவுவார்.

இப்போது நர்ஸம்மா தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தார். இதுதான் சமயம் என்று பேக்கரிக்காரர் ஒரு புது ஃபேன் வாங்கிவிட்டார். ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு அமைதி. மனைவிக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கத்தான் வாங்கினேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அது முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசிதான் ஃபேனைப் போர்வையில் சுற்ற வைத்தது.

வாரியத்தின் கீழ்த்தளத்தில் நீளமான வரிசை நின்றது. ஒருவர் தையல் மிஷின் வைத்திருந்தார். ஒரு பெண்மணி அட்டைப் பெட்டி நிறைய கேசட் வைத்திருந்தார். ஒருவர் கையில் எதுவுமே இல்லை. தன் மாமனாருக்கு எந்த வார்த்தை பொருந்தும் என்று விசாரிக்க வந்திருப்பதாகச் சொன்னார். வெகுநேரம் கழித்துப் பேக்கரிக்காரர் ஜன்னலுக்கு வந்தார்.

“என்ன கொண்டு வந்திருக்கீங்க?” என்றார் ஜன்னலுக்குள் இருந்த அம்மா.

“ஒரு ஃபேன்ங்க. ரொம்பப் பழசு...”

எங்கோ மணி அடித்தது. வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. காவலாளி விறைப்பாக நடந்துவந்தார்.

“வார்த்தையைச் சொல்லிட்டீங்க. பொருளை எடுத்துக்கிட்டு வெளிய போங்க. வாசல் வழியாத் திரும்ப வந்து கடைசில நில்லுங்க.”

“எந்த வார்த்தைங்க? பழசுன்னு...”

மறுபடி மணி அடித்தது.

“இப்ப ரெண்டு தடவை போய்ட்டு வரணும்” என்றார் காவலாளி. அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. விதி எழுதியவர்கள் மேல் அவருக்கு அவ்வளவு பக்தி. “சொன்னவர் கையில இருக்கற பொருளோட வெளிய போகணும். யாரும் குறுக்க நிக்கக் கூடாது. தலைவரே சொன்னாலும் இதுதான் சட்டம்.”

பேக்கரிக்காரர் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார், வந்தார். மறுபடி போனார், வந்தார். ஒவ்வொரு முறையும் காவலாளி கதவைத் திறந்துபிடித்து ஒரு சல்யூட் வைத்தார். கேசட் பெண்மணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் சொல் அதிகாரியின் அறைக்கு அனுப்பினார்கள். சொல் அதிகாரி டை கட்டிய இளைஞர். பேசும்போது ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தைக்கு முன்னாலும் சின்னதாக ஒரு இடைவெளி விடுவார், வாசல்படி தாண்டுகிற மாதிரி.

“உங்க பொருளை முதல்ல... விண்டேஜ் பிரிவுல பார்க்கலாம். ஆனா விண்டேஜ்னா வச்சிருக்கறவருக்கு அதுல பெருமை இருக்கணும். உங்களுக்கு இருக்கா?”

“இல்லீங்க.”

“கிளாசிக்?”

“அப்படின்னா?”

“யாரும் தொடமாட்டாங்க, ஆனா எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க.”

“இதை யாரும் நல்லா இருக்குன்னு சொன்னதில்லீங்க.”

“ரெட்ரோ?” அதிகாரி தானே தலையை ஆட்டிக்கொண்டார். “இல்ல, ரெட்ரோன்னா புதுசா இருக்கணும். லெகசின்னு போடலாமான்னு பார்த்தா, அது அணைக்கறதுக்கு எல்லாரும் பயப்படற மிஷினுக்கு மட்டும்தான். எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் லெகசி. அது என்ன செய்யுதுன்னு யாருக்கும் தெரியாது. அதனால அணைக்கறதில்ல.”

“ஏதாவது ஒண்ணு போட்டுக் கொடுங்க சார். குப்பைல போட்டாப் போதும்.”

அதிகாரிக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுந்து நின்றார். பேக்கரிக்காரரையும் எழச் சொன்னார். வாரியத்தின் முக்கியமான சடங்கு அது. பொருளின் தலைமேல் வலது கையை வைத்து, அறையில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்படி உறுதிமொழி சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பொருள் கடந்தகாலத்துக்குள் போகும்.

“நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க. இதை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை.”

பேக்கரிக்காரர் ஃபேனின் தலைமேல் கை வைத்தார். கம்பிவலையில் தூசியே இல்லை. நர்ஸம்மா ஊருக்குக் கிளம்பும் முன் ஈரத்துணியால் துடைத்திருந்தார். ஒவ்வொரு கம்பியாகத் துடைப்பார். அது ஞாபகம் வந்ததும் கையைக் கொஞ்சம் தூக்கி, மறுபடி வைத்தார்.

“இதை இப்போது யாரும்... பயன்படுத்துவதில்லை.”

“இது இல்லாமல் போனால் யாருக்கும் எதுவும் ஆகாது.”

“ஆகாது” என்றார் பேக்கரிக்காரர்.

“முழுசாச் சொல்லுங்க.”

முழுசாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

வார்த்தை முடிவாகும்வரை மூன்றாம் மாடிக் கூடத்தில் உட்காரச் சொன்னார்கள். ராத்திரி வேலை பார்த்த உடம்பு, பெஞ்சில் சாய்ந்ததும் கண் சொருகியது. யாரோ தோளை உலுக்கி எழுப்பினார்கள். விழித்துப் பார்த்தால் சுற்றிலும் கூட்டம். ஒரு மின்பணியாளர் கையில் ஸ்பேனரோடு நின்றிருந்தார்.

“இங்கதான் ஜெனரேட்டர் ஓடற மாதிரி சத்தம் வந்துச்சு. நின்னுபோச்சே!” என்று அவர் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு போனார்.

இவ்வளவு பெரிய ஆபீஸில் ஒரு ஜெனரேட்டரைக்கூடச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்று பேக்கரிக்காரர் நினைத்துக்கொண்டார். அன்று வார்த்தை முடிவாகவில்லை. ஃபேனை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் புது ஃபேனைப் போட்டுப் படுத்தார். அருமையாகத் தூங்கினார். சாயங்காலம் படியில் மேல்மாடிக்காரர் மடக்கினார்.

“ஃபேன் மாத்தப் போறேன்னீங்களே, இன்னும் மாத்தலையா?”

“மாத்தியாச்சுங்க! துளி சத்தம் இல்ல.”

மேல்மாடிக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஏறிப் போனார். பாவம், வயசாகிவிட்டது, காது சரியில்லை என்று பேக்கரிக்காரர் அனுதாபப்பட்டார்.

மறுநாள் மத்தியானம் நர்ஸம்மா போன் செய்தார். தங்கைக்குப் பெண் குழந்தை என்றும், எல்லாரும் நலம் என்றும் சொன்னார். “இங்க ஃபேனே இல்லீங்க. ஆனாலும் படுத்ததும் தூக்கம் அடிச்சுப் போட்ட மாதிரி வருது.”

பேக்கரிக்காரருக்கு மனசு லேசானது. அந்தச் சனியன் இல்லாமலே அவளுக்குத் தூக்கம் வருகிறதே! வீணாகத்தான் பயந்தோம் என்று சிரித்துக்கொண்டார். அப்போது நர்ஸம்மா தொடர்ந்து சொன்னார்.

“நாளைக்குக் காலைல வந்துடுவேன். அங்க வந்தா ஃபேன் வேணும். எடுத்துத் தயாரா வைங்க. அது ஒண்ணுதாங்க எனக்கு அந்த வீட்டுல...” பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தார். “சரி, வந்து பேசிக்கலாம்.”

போனை வைத்த பிறகு பேக்கரிக்காரர் வெகுநேரம் புது ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘இது இல்லாமல் போனால் யாருக்கும் எதுவும் ஆகாது’ என்று நாலு பேர் முன்னால் சொன்ன வாய் கசந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரிந்ததால்தானே கேட்கவில்லை? செய்தது தப்பு. அதில் சந்தேகமே இல்லை. ஆபீஸ் மூடுவதற்குள் போய்விடலாம் என்று ஓடினார்.

ஜன்னல் அம்மா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கடந்தகாலத்துக்குள்ள போனதைத் திரும்பக் கேக்கறீங்களா? அதுக்குத் தலைவரைத்தான் பார்க்கணும்.”

“ஒரு பழைய ஃபேனுக்குத் தலைவரையா?”

‘பழைய’ என்றாலும் மணி அடிக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. காவலாளி வந்தார்.

“உங்க பொருள் எங்க?”

“அது உள்ள இருக்குங்க. அதுக்குத்தானே வந்திருக்கேன்.”

“கையில இல்லையா? அப்ப நீங்க மட்டும் வெளிய போய்ட்டு வாங்க” என்று கதவைத் திறந்துபிடித்தார். பொருள் இல்லாதவருக்குச் சல்யூட் கிடையாது போலிருக்கிறது.

ஐந்தாம் மாடியில் தலைவரின் அறைக்கு வெளியே நிற்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது. கடகட, ஒரு முனகல், மறுபடி கடகட. பேக்கரிக்காரருக்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே நின்று உறவுக்காரர் இருமுவதைக் கேட்கிற மாதிரி இருந்தது. உள்ளே தலைவர் மேஜையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

தலைவர் ஏற்கெனவே இரண்டு தடவை ஓய்வு பெற்றவர். முதல் ஓய்வுக்குப் பிறகு ஃபார்மர், அதாவது முன்னாள் தலைவராக இருந்தார், இரண்டாவதற்குப் பிறகு எமெரிட்டஸ் தலைவரானார். எமெரிட்டஸ் என்றால் முடிந்தும் போகாதவர் என்று அவரே விளக்குவார்.

“உங்க ஃபேனா இது? உக்காருங்க, உக்காருங்க!” என்று உரக்க வரவேற்றார். சத்தத்துக்கு மேலே பேச வேண்டியிருந்தது. “ரொம்ப நல்ல பொருள்ங்க. நேத்து மீட்டிங்ல இதைப் போட்டேன். நான் பேசறது யாருக்கும் கேக்கல. எனக்கும் கேக்கல. எந்தத் தீர்மானத்தையும் ஒருத்தரும் எதிர்க்கல. இத்தனை வருஷ சர்வீஸ்ல இவ்வளவு நிம்மதியா நான் இருந்ததே இல்ல.”

“ஐயா, அதைத் திருப்பிக் கொடுத்துடுங்க. என் வீட்டுக்காரி பயன்படுத்தறது. நான் பொய் சொல்லிட்டேன்.”

தலைவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் பேசத் தயாராகிறார் என்று புரிந்து, கூட நின்ற சொல் அதிகாரி கைகட்டிக்கொண்டார்.

“பாருங்க, பொய் சொல்றது தப்பில்ல. இங்க வர்ற எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. எங்க வேலை அதுக்குச் சரியான வார்த்தை போடறது. முன்ன மாதிரி எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைன்னு இருந்தா எப்படிங்க நிர்வாகம் நடக்கும்? யாருடையது எங்க போகணும்னு எப்படித் தெரியும்? இப்பப் பாருங்க, தெளிவா இருக்கு. ஆன்ட்டிக்னா என் வீட்டுக்குப் போகும். விண்டேஜ்னா என் மச்சான் கடைக்குப் போகும். ஹெரிட்டேஜ்னா வெளிநாட்டுக்காரங்க வர்றப்ப காட்டறதுக்கு. அப்சலீட்னா ஜனங்களோடது, அதை நசுக்கிடுவோம். இதுல ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. ஒவ்வொண்ணையும் இங்கிலீஷ்ல பெருசா எழுதி ஒட்டியிருக்கோம்.”

“என் ஃபேனுக்கு என்ன வார்த்தைங்க?”

“ஆன்ட்டிக்” என்றார் தலைவர், ஃபேனை வாஞ்சையாகப் பார்த்து.

பேக்கரிக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. சொல் அதிகாரிதான் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். “சட்டத்துல ஒரு இடம் இருக்கு. நிஜமாப் பயன்படுத்தறவங்க நேர்ல வந்து, பொருளைக் கையில வாங்கி, அது அவங்களுக்கு எதுக்கு வேணும்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். புதுப் பொருள் செய்ய முடியாத வேலையா இருக்கணும். உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க.”

அதாவது மனைவியிடம் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் அவரிடம் தைரியம் இல்லை.

மறுநாள் விடிந்ததும் பேக்கரியிலிருந்து வந்தவர், புது ஃபேனைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எப்படியாவது அதைச் சத்தம் போட வைத்துவிடலாம் என்று யோசனை. திருகாணிகளைத் தளர்த்தினார். கம்பிவலையில் ஒரு தேக்கரண்டியைச் செருகினார். ஃபேன் எலிக்குஞ்சு மாதிரி கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. அதற்கு மேல் அதனால் முடியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

நர்ஸம்மா பையோடு நின்றார். புது ஃபேனைப் பார்த்தார், தேக்கரண்டியைப் பார்த்தார், கட்டில் பக்கத்தில் காலியாக இருந்த ஸ்டூலைப் பார்த்தார்.

“எங்கங்க அது?”

“ரிப்பேருக்கு...”

“அதுல ரிப்பேர் பண்ண என்ன இருக்கு?”

பேக்கரிக்காரர் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். போர்வை, வரிசை, உறுதிமொழி ஒன்றையும் விடவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் பாதி பாரமாவது இறங்கியிருக்கும். நர்ஸம்மா திட்டவில்லை. பயணக் களைப்போடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “யாருக்கும் எதுவும் ஆகாதுன்னு சொன்னீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

“சொன்னேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருக்கணும்” என்றார் அவர். காது வரைக்கும் சூடேறியது.

நர்ஸம்மா எழுந்தார். பையைக்கூடப் பிரிக்கவில்லை. “வாங்க” என்றார்.

ஐந்தாம் மாடிக் கூடத்தில் விசாரணை. தலைவர் நடுவில், சொல் அதிகாரி பக்கத்தில், வேடிக்கை பார்க்க ஊழியர்கள் சுற்றிலும். ஃபேனைக் கொண்டுவந்து நர்ஸம்மாவின் கையில் கொடுத்தார்கள். அவர் அதை இடுப்பில் குழந்தையை வைக்கிற வாகில் வாங்கிக்கொண்டார்.

“இது உங்களுக்கு எதுக்கு வேணும்?” என்று ஆரம்பித்தார் சொல் அதிகாரி.

“காத்துக்கு.”

“காத்து புது ஃபேன்லயும் வரும். விசேஷமா ஏதாவது இருக்கணும்.”

“இதோட சத்தம் வேணும்.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. தலைவர் கை உயர்த்தி அடக்கினார். அவருக்கும் அதே சத்தம்தானே வேண்டியிருந்தது, அதனால் ஆர்வமாக முன்னால் குனிந்தார்.

“சத்தம் எதுக்கும்மா? எந்தச் சத்தம் கேக்காம இருக்கறதுக்கு?”

நர்ஸம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்புறம் பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்தார். பேக்கரிக்காரர் தலை குனிந்து, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். வாயை மூடிக்கொண்டார் நர்ஸம்மா.

“சொல்லேன்மா” என்று பேக்கரிக்காரர் கெஞ்சினார். “சொன்னாக் கொடுத்துடுவாங்க.”

“வேண்டாங்க.”

“எல்லார் முன்னாடியும் சொன்னாத்தான் செல்லும். சொல்லலைன்னா ஆன்ட்டிக்தான்” என்றார் அதிகாரி.

“அது என் வீட்டு விஷயம். இங்க சொல்ல மாட்டேன்.”

“அப்ப ஃபேனைக் கொடுத்துடுங்கம்மா” என்று தலைவர் கையை நீட்டினார்.

நர்ஸம்மா ஃபேனை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். கூடத்தை ஒரு சுற்று பார்த்தார். வரும் வழியில், கணவர் ஃபேனோடு இரண்டு தடவை வெளியே போய் வந்த கதையைச் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு வந்தவர் அவர். இப்போது நிறுத்தி, தெளிவாக, வார்டில் கடைசிக் கட்டில்வரை கேட்கிற குரலில் சொன்னார்.

“ஐயா, இது பழசு.”

மணி அடித்தது.

காவலாளி எங்கிருந்தோ வந்து விறைத்து நின்றார். “வார்த்தையைச் சொல்லிட்டீங்கம்மா. கையில இருக்கற பொருளோட வெளிய போகணும்.”

“அந்த ஃபேன் ஆன்ட்டிக்!” என்று தலைவர் எழுந்தே விட்டார்.

“யாரும் குறுக்க நிக்கக் கூடாதுங்க ஐயா” என்றார் காவலாளி. “நீங்க போட்ட சட்டம்தான்.”

“யோவ், அது பழசுய்யா! அதுக்குப் போய்...”

மறுபடி மணி அடித்தது. தலைவர் வாயைப் பொத்திக்கொண்டார். காவலாளிக்கு ஒரு கணம் தயக்கம் வந்தது. பிறகு கடமை வென்றது. ஐந்து மாடியும் இறங்கி, எமெரிட்டஸ் தலைவர் முன்னால், நர்ஸம்மா நடுவில், பேக்கரிக்காரர் பின்னால் என்று மூன்று பேரும் வாசலுக்கு வந்தார்கள். கதவு திறந்தது. நர்ஸம்மாவுக்கு மட்டும் சல்யூட் கிடைத்தது. தலைவர் திரும்ப உள்ளே போய், அன்றும் வந்து நின்ற கேசட் பெண்மணிக்குப் பின்னால் வரிசையின் கடைசியில் நின்றார். நர்ஸம்மா திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். திரும்ப வந்து வரிசையில் நிற்க வேண்டும் என்றுதான் சட்டம். எப்போது வர வேண்டும் என்று அதில் எழுதவில்லை.

பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து, ஃபேனை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் உட்காரலாமா என்று தெரியாமல் பேக்கரிக்காரர் நின்றுகொண்டே இருந்தார்.

“உக்காருங்க.”

உட்கார்ந்தார். “என்கிட்டயாவது சொல்லு. எந்தச் சத்தம் கேக்காம இருக்க?”

நர்ஸம்மா கம்பிவலையில் ஒட்டியிருந்த ‘ஆன்ட்டிக்’ சீட்டை நகத்தால் சுரண்டினார். “உங்க குறட்டைதாங்க.”

“நானா? குறட்டையா?”

“கல்யாணமான முதல் வாரம் நான் கண்ணே மூடல. ஆஸ்பத்திரில மருந்து மாத்திக் கொடுக்கற அளவுக்குப் போயிட்டேன், நல்லவேளை கூட இருந்தவ பார்த்துத் தடுத்தா. சம்பளம் வந்ததும் கடைக்குப் போனேன். இருக்கறதுலயே சத்தமான ஃபேன் எதுன்னு கேட்டேன். கடைக்காரன் என்னைப் பைத்தியம்னு நினைச்சான்.”

“இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலையே!”

“சொன்னா நீங்க தூங்குவீங்களா? ஒரு ரொட்டி கருகினாலே மூணு நாள் அதையே நினைச்சுக்கிட்டுக் கிடக்கறவரு நீங்க. அப்புறம் தூக்கம் இல்லாம நெருப்பு முன்னாடி நிப்பீங்க. எனக்கு அதுதான் பயம்.” சீட்டு முழுசாக உரிந்து வந்தது. “அவங்க முன்னாடி சொன்னா, நாளைக்கு ஊரே உங்களைப் பார்த்துச் சிரிக்கும். ஃபேன் போனாப் போகுதுன்னுதான் முதல்ல நினைச்சேன்.”

பேக்கரிக்காரர் அந்தச் சீட்டை வாங்கிக் கசக்கினார். பேக்கரியில் கொஞ்சம் கண்ணயரும்போது யாரும் அவர் பக்கத்தில் படுக்காதது, மின்பணியாளரின் ஸ்பேனர், எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷமாக அவர் செய்த சத்தத்துக்கெல்லாம் அந்த ஃபேன் பேச்சு வாங்கியிருக்கிறது. கூடவே இவளும் வாங்கியிருக்கிறாள், அவர் வாயாலேயே. அதை நினைத்து அவர் உடம்பே கூசியது.

வீட்டுக்கு வந்து ஃபேனை ஸ்டூலில் வைத்தார்கள். அன்று பகல் நர்ஸம்மா நிம்மதியாகத் தூங்கினார். பேக்கரிக்காரர் வாயை இறுக மூடிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி வெகுநேரம் படுத்திருந்தார். எப்போது தூங்கினார் என்பது அவருக்கே தெரியாது. தூங்கினார் என்பது மட்டும் மேல்மாடிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது மேல்மாடிக்காரர் படியிலேயே காத்திருந்தார்.

“என்னங்க, அந்த ஃபேன் திரும்ப வந்துடுச்சு போல? இன்னிக்கு ரொம்ப அதிகம். உங்க வீட்டம்மாகிட்ட நீங்க கொஞ்சம் கண்டிப்பாச் சொல்லக் கூடாதா?”

பேக்கரிக்காரர் நின்றார். உள்ளே நர்ஸம்மா தலைவாரிக்கொண்டிருப்பது திறந்த கதவு வழியாகத் தெரிந்தது. சீப்பு பாதியில் நின்றிருந்தது.

“ஃபேனும் இல்லீங்க, அவளும் இல்லீங்க” என்றார். “அது நான்தான்.”